கைதட்டல் வாங்கிய வாதங்களும் மதிப்பெண் வாங்காத நானும்

2019ஆம் ஆண்டின் இறுதியில் நான் எழுதிய முதல் வங்கி அதிகாரி மெயின்ஸ் என்ற முதன்மைத் தேர்வில், ரீசனிங் என்ற தர்க்க அறிவுப் பகுதியில் எனக்குக் கிடைத்தது 60க்கு 11.25. கட்-ஆஃப் எங்கோ மேலே இருந்தது. புதிர்க் கேள்விகளில் அடிவாங்கியதில் எனக்கு வியப்பில்லை. வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேரை உட்கார வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிடும். ஆனால் வாதங்களின் வலுவை எடைபோடும் கேள்விகள் ஐந்து வந்திருந்தன. அவை என் சொந்த நிலம் என்று நினைத்திருந்தேன். கல்லூரியில் மூன்று ஆண்டுகள் பட்டிமன்றம் பேசியவள் நான். மாவட்ட அளவில் கோப்பை வாங்கியவள். வாதம் என்றால் என்னவென்று எனக்கா தெரியாது?

தேர்வு முடிந்ததும் எழுதியவர்கள் எல்லோரும் சேர்ந்து நினைவிலிருந்து கேள்விகளைத் திரட்டுவது வழக்கம். அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஐந்தில் ஒன்று சரி, நான்கு தவறு. தவறு ஒவ்வொன்றுக்கும் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழியும். சரியான ஒன்றை நான்கு தவறுகள் முழுதாகத் தின்றுவிட்டன. அந்த ஐந்து கேள்விகளையும் தொடாமல் விட்டிருந்தாலும் இதே நிலைதான். சில நிமிடங்களாவது மிஞ்சியிருக்கும்.

இந்த வகைக் கேள்வியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கொள்கைக் கேள்வி கொடுப்பார்கள். அதன் கீழே 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் தொடங்கும் இரண்டு வாதங்கள். முதலாவது மட்டும் வலுவானது, இரண்டாவது மட்டும், இரண்டில் ஏதாவது ஒன்று, இரண்டும் இல்லை, இரண்டுமே என்று ஐந்து விடைகள். கேட்பது இவ்வளவுதான். பார்த்தால் பிள்ளை விளையாட்டாகத் தெரியும்.

தோல்விக்குப் பிறகு சென்னையில் ஒரு விடுதியில் தங்கி மறுபடி படிக்கத் தொடங்கினேன். அறையில் என்னோடு இருந்தவர் கும்பகோணத்துக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மேடையேறி நான்கு வார்த்தை பேசச் சொன்னால் ஓடிவிடுவார். ஆனால் இந்தக் கேள்விகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது வாங்குவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து, நான் தவறவிட்ட பழைய கேள்வி ஒன்றை அவரிடம் காட்டினேன்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்யலாமா என்பது கேள்வி. முதல் வாதம்: ஆம், அவை வடிகால்களை அடைத்து மழைக்காலத்தில் வெள்ளம் தேங்கக் காரணமாகின்றன. இரண்டாம் வாதம்: இல்லை, அவற்றைத் தயாரிக்கும் சிறு தொழிற்கூடங்களை நம்பியிருக்கும் ஏராளமானோர் பிழைப்பை இழப்பார்கள்.

நான் முதலாவது மட்டும் வலுவானது என்று குறித்திருந்தேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 அன்று இந்தத் தடை நடைமுறைக்கு வந்தபோது கல்லூரியில் அதை ஆதரித்து முழங்கியவள் நான். வேலை போய்விடும் என்று சொன்ன எதிரணியை 'கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவனுக்கும் அதுதான் வேலை, அதற்காக விட்டுவிடலாமா' என்று மடக்கியபோது அரங்கம் அதிர்ந்தது. அதே மடக்கை அக்காவிடமும் சொன்னேன்.

அக்கா சிரிக்கவில்லை. "தடை வேண்டுமா வேண்டாமா என்று இந்தக் கேள்வி உன்னிடம் கேட்கவே இல்லையே. நீ எதற்குக் கட்சி சேர்கிறாய்?" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. சரி, பேச்சாளராக இருக்காமல் நடுவராக இருக்க வேண்டும் போலும் என்று நினைத்தேன். அதுவும் தவறு. பட்டிமன்ற நடுவர் கடைசியில் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கம் வெல்லும், மறுபக்கம் தோற்கும். இந்தக் கேள்வியில் தீர்ப்பே கிடையாது. வெள்ளம் தேங்குவதும் வேலை போவதும் ஒரு அரசு முடிவெடுக்கும்போது கணக்கில் எடுத்தே ஆக வேண்டிய காரணங்கள். ஆகவே இரண்டும் வலுவானவை. ஒன்று வலுவாக இருப்பதால் மற்றொன்று வலுவிழந்துவிடாது. மேடையில் வளர்ந்த எனக்கு இந்த ஒரு வரியை மனம் ஏற்றுக்கொள்வதற்கே சில வாரங்கள் ஆயின.

இப்போது நான் வேலை பார்க்கும் கிளையில் நகைக்கடன் நாட்களில் ஒரு மதிப்பீட்டாளர் வந்து உட்காருவார். வளையலை உரைகல்லில் உரசி, அமிலம் விட்டுப் பார்த்து, எத்தனை காரட், எவ்வளவு எடை என்று எழுதுவார். வளையலின் வேலைப்பாடு அவருக்குப் பிடித்திருக்கிறதா, அதைக் கொண்டுவந்தவர் நல்லவரா, கடன் கொடுக்கலாமா என்பதெல்லாம் அவர் வேலையில்லை. அந்தக் காலத்தில் இப்படி ஒருவரை அருகிலிருந்து பார்த்திருந்தால் எனக்குச் சில மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

இந்தக் கேள்விகளுக்கு முன்னால் அச்சிடப்படும் அறிவுறுத்தலை நான் அதுவரை ஒழுங்காக வாசித்ததே இல்லை. வலுவான வாதம் முக்கியமானதாகவும் இருக்க வேண்டும், கேள்வியோடு நேரடித் தொடர்புடையதாகவும் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். இரண்டும் சேர்ந்து. இதன் பூர்வீகத்தைத் தேடிப் போனபோது குட்வின் வாட்சன், எட்வர்டு கிளேசர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கிய சோதனையில் போய் நின்றேன். அதன் ஐந்து பகுதிகளில் ஒன்று வாதங்களை மதிப்பிடுவது. பிரிட்டனில் சட்ட நிறுவனங்கள் இன்றும் ஆளெடுக்க அதைப் பயன்படுத்துகின்றன. அதன் அறிவுறுத்தலில் இரண்டு செய்திகள் எனக்கு முக்கியமாகப் பட்டன. ஒரு விஷயம் பொதுவாக எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கேட்ட கேள்வியோடு நேராக ஒட்டவில்லை என்றால் அது பலவீனம். அடுத்தது, வாதம் சொல்லும் செய்தியை உண்மை என்றே எடுத்துக்கொண்டுதான் எடைபோட வேண்டும்.

இரண்டாவதில்தான் நான் அதிகம் வழுக்கி விழுந்தேன். 'வேலை போய்விடும்' என்று படித்ததுமே, போகாது, மாற்றுத் தொழில் வரும் என்று மனத்துக்குள் பதில் சொல்லத் தொடங்கிவிடுவேன். பதில் சொல்ல முடிகிற வாதமெல்லாம் பலவீனமான வாதம் என்பது மேடைக் கணக்கு. தேர்வறையில் அந்தக் கணக்கு உதவாது. சொன்னது உண்மையானால் முடிவெடுக்கிறவரின் கை ஒரு நொடி நிற்குமா? நிற்கும் என்றால் வலு உண்டு. நான் இன்றும் இப்படித்தான் பார்க்கிறேன்.

தொடர்பைச் சோதிக்க எனக்கு உதவியது, யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. இளங்கலைத் தமிழ்ப் பாடத்தில் மணிமேகலை இருந்தது. அதன் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவையியலை, அதாவது தர்க்கத்தைச் சொல்லிக்கொடுப்பார். ஏது என்றால் காரணம். காரணம்போல் தோற்றம் தந்து காரணமாக இல்லாதது ஏதுப் போலி. அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என்று அது மூன்று வகை. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறுநாளே மறந்த சொற்கள் அவை. அநைகாந்திகம் என்பது இந்தப் பக்கமும் சாயக்கூடிய, அந்தப் பக்கமும் சாயக்கூடிய காரணம். ஒரு நாள் பயிற்சித் தாளில் கல்லூரிகளில் வருகைப்பதிவைக் கட்டாயமாக்கலாமா என்ற கேள்வியும், 'ஆம். மாணவர்களின் எதிர்காலம் மிக முக்கியம்' என்ற வாதமும் வந்தன. 'ஆம்' என்பதை அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதிப் பார்த்தேன். இல்லை; மாணவர்களின் எதிர்காலம் மிக முக்கியம். அப்படியே பொருந்தியது! எந்தப் பக்கத்துக்கும் பொருந்துகிற காரணம் எந்தப் பக்கத்தையும் தாங்கவில்லை. அன்றிலிருந்து அப்படிப்பட்ட வாதங்களின் ஓரத்தில் 'போ' என்று எழுதத் தொடங்கினேன். போலி என்பதன் சுருக்கம். அக்கா அதைப் 'போ, போ' என்று விரட்டுவதாகவே எடுத்துக்கொண்டார்.

இந்தத் திருப்பிப் போடும் சோதனை எல்லா இடத்திலும் உதவும் என்று சொல்லமாட்டேன். வெட்டிப் பேச்சை அது உடனே பிடிக்கும். ஆனால் பாதி வலுவுள்ள வாதங்களுக்கு வேறு கண் வேண்டும். ஒரு கேள்வியையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். வாக்களிக்கும் வயதை 18இலிருந்து 16 ஆகக் குறைக்கலாமா?

ஆம்; ஆஸ்திரியாவில் 2007 முதல் 16 வயதினருக்கு வாக்குரிமை இருக்கிறது என்று ஒரு வாதம். செய்தி உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டில் செய்கிறார்கள் என்பதைத் தாண்டி அது எதையும் சொல்லவில்லை. அங்கே குறைத்த பிறகு என்ன நடந்தது, அந்த வயதினர் வாக்களிக்க வந்தார்களா என்று ஒரு விளைவைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் கதை வேறு. வெளிநாட்டு உதாரணம் என்றாலே பலவீனம் என்று சில பயிற்சி நூல்களில் குறுக்குவழி போட்டிருப்பார்கள். அதை நம்பி நான் இரண்டு முறை ஏமாந்தேன். உதாரணம் வெறும் உதாரணமாக நின்றுவிட்டதா, விளைவோடு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இல்லை, 1988இல் அரசியலமைப்பின் 61ஆவது திருத்தத்தின் மூலம் 21இலிருந்து 18 ஆக ஏற்கெனவே குறைத்தாகிவிட்டது என்று இன்னொரு வாதம். ஆண்டும் எண்ணும் இருப்பதால் கனமாகத் தெரியும். பொது அறிவுக்குப் படித்த செய்தி கண்ணில் பட்டதும் நமக்கு ஒரு மகிழ்ச்சி வந்துவிடும், அது வேறு ஆபத்து. ஒருமுறை குறைத்தார்கள் என்பது இன்னொரு முறை குறைக்கக் கூடாது என்பதற்கு எப்படிக் காரணமாகும்? 'போ'.

இல்லை, பதினாறு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் பெற்றோர் சொல்கிற கட்சிக்கே வாக்களிப்பார்கள். இங்கே 'எல்லோரும்' என்ற சொல் கையைச் சுடுகிறது. செய்தியை உண்மை என்று எடுத்துக்கொள்வது, இப்படி ஒருவர் விடாமல் அள்ளிப்போடும் மிகைக்குப் பொருந்தாது. வீட்டில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை இருப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். ஆம், அந்த வயதில் வேலைக்குப் போய்ப் பொருள் வாங்கும்போது வரி கட்டுகிறவர்களுக்கு அந்த வரி எப்படிச் செலவாக வேண்டும் என்பதில் குரல் இருக்க வேண்டும். இந்த நான்கில் வலுவானது இது ஒன்றுதான். இதை ஏற்காதவர்கள்கூட இதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது.

தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற வாதமும் அடிக்கடி வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நீக்கிவிடலாமா? ஆம்; சிலர் அதிகாரிகளை மிரட்ட அதைப் பயன்படுத்துகிறார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல. செலவைப் பற்றிய வாதங்கள் இன்னும் நுட்பமானவை. ரயில்வே கடவுப்பாதைகள் எல்லாவற்றிலும் மேம்பாலம் கட்டலாமா என்றால், 'இல்லை. நிறையச் செலவாகும்' என்பது மெலிந்த வாதம். எதற்குத்தான் செலவாகாது? 'இல்லை, அதே பணத்தில் இரண்டு மடங்கு இடங்களில் சுரங்கப்பாதை அமைத்து அதே பாதுகாப்பைப் பெறலாம்' என்றால் எலும்பில் சதை வந்துவிடுகிறது.

அந்த அதிகாரித் தேர்வை நாங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். இது எனக்குத் தனியாக ஒரு தொல்லை கொடுத்தது. ஆங்கிலத்தில் வழவழப்பாக எழுதப்பட்ட வாதம், படித்த மாத்திரத்தில் வலுவானதாகத் தோன்றிவிடும். 'ஒட்டுமொத்த வளர்ச்சி', 'நீடித்த சமூக மாற்றம்' என்பதற்கான ஆங்கிலச் சொற்களைக் கண்டாலே பேனா 'வலுவானது' பக்கம் சாய்ந்துவிடும். அக்காவின் வைத்தியம் எளிமையானது. வாதத்தை மனத்துக்குள் தமிழில், அதுவும் வீட்டில் அம்மாவிடம் சொல்வதுபோல் சொல்லிப் பார்ப்பார். "பள்ளியில் யோகா வைத்தால் நல்லது, ஏனென்றால் அது நல்லது" என்று வந்து நின்றால் ஆங்கிலச் சட்டைக்குள் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும். கேட்டதையே திருப்பிச் சொல்லும் வாதங்களை இந்த வழியில் நொடியில் பிடிக்கலாம். முதலில் இதற்குக் கூடுதல் நேரம் ஆகும். ஓரிரு மாதத்தில் பழகிவிடும்.

ஒரு நோட்டில் தவறிய கேள்விகளை எழுதி, ஏன் தவறினேன் என்று ஒரே ஒரு வரி சேர்த்து வைத்தேன். இருநூறு கேள்விகள் ஆனதும் புரட்டிப் பார்த்தால் வெட்கமாக இருந்தது. தவறியவற்றில் பாதிக்கும் மேல் எனக்கு ஏற்கெனவே உறுதியான கருத்து இருந்த விஷயங்கள்: மதுவிலக்கு, நுழைவுத்தேர்வு, இட ஒதுக்கீடு. எனக்கு அக்கறையே இல்லாத சரக்குக் கப்பல் கட்டணம் பற்றிய கேள்விகளில் கிட்டத்தட்ட எல்லாமே சரி. அதன்பிறகு, கேள்வியைப் படித்ததும் நெஞ்சு சூடாகிறதா என்று பார்த்து, சூடானால் பக்கத்தில் 'க' என்று குறித்துக்கொள்வேன். கருத்து இருக்கிறது, கவனம் என்று பொருள். அப்படிக் குறித்தவற்றில் எனக்குப் பிடிக்காத பக்கத்து வாதத்தை முதலில் படிப்பேன்.

விடைக்குறிப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த வங்கித் தேர்வுகளை நடத்தியவர்கள் அப்போது வினாத்தாளை வெளியிட்டதில்லை. சந்தையில் 'முந்தைய ஆண்டு வினாத்தாள்' என்று கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் எழுதியவர்களின் நினைவிலிருந்து திரட்டியவை. விடையும் அந்தந்தப் பயிற்சி மையத்தின் கருத்து. ஒரே கேள்விக்கு இரண்டு மையங்கள் இரண்டு விடை தருவதைப் பார்த்து, சரியானது எது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அது வீண். மூன்று இடங்களில் ஒரே விடை வரும் கேள்விகளை மட்டும் வைத்துப் பழகினால் போதும். சர்ச்சைக்குரியவற்றை நண்பர்களோடு சண்டை போட வைத்துக்கொள்ளலாம்.

கணக்கும் உதவும். கேள்விக்கு ஒரு மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், ஐந்து விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியாகக் கிடைப்பது பூஜ்யம்: ஐந்தில் ஒரு முறை ஒன்று வரும், நான்கு முறை கால் கால் போகும். ஆனால் முதல் வாதம் வலுவானது என்று மட்டும் உறுதியாகத் தெரிந்துவிட்டால், மிஞ்சுவது 'முதலாவது மட்டும்', 'இரண்டுமே' என்ற இரண்டுதான். அங்கே ஊகித்தாலும் சராசரி 0.375. அதனால் ஒரு வாதத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன். இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே படிப்பது மேடைப் பழக்கம். அங்கேதான் இரண்டும் குழம்பும்.

இப்போதெல்லாம் ஒரு சின்னப் பத்தியைக் கொடுத்து, எது இதை வலுப்படுத்துகிறது, எது வலுவிழக்கச் செய்கிறது என்று கேட்பது மெயின்ஸில் அதிகம். ஒரு நகராட்சி கடைவீதியில் வாகன நிறுத்தக் கட்டணம் விதித்தது, மூன்று மாதத்தில் நெரிசல் குறைந்தது, ஆகவே மற்ற வீதிகளிலும் விதிக்க வேண்டும் என்று பத்தி இருக்கும். வலுவிழக்கச் செய்வது எது என்றால் நான் முதலில் 'கட்டணத்தை மக்கள் விரும்பவில்லை' என்பதைத்தான் தொடுவேன். மக்களின் விருப்பத்துக்கும் நெரிசல் ஏன் குறைந்தது என்பதற்கும் தொடர்பில்லை. 'கட்டணம் தொடங்கிய அதே மாதத்தில் பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே மாற்றப்பட்டது' என்பதுதான் விடை. நெரிசல் குறைந்ததற்கு வேறு காரணம் இருந்திருக்கலாம் என்ற சந்தேகத்தை அது கிளப்புகிறது, அவ்வளவே போதும். முடிவை அடித்து நொறுக்குகிற விடையைத் தேடித் தேடி நான் நேரத்தைத் தொலைத்திருக்கிறேன். தளர்த்தினால் போதும், தகர்க்க வேண்டியதில்லை.

மூன்றாவது முயற்சியில் தேர்ச்சி பெற்றேன். அக்கா எனக்கு முன்பே போய்விட்டார். இப்போது டெல்டாவில் ஒரு கிளையில் இருக்கிறார். நாங்கள் இருவரும் ஒத்துக்கொள்ளாமல் விட்டுவைத்த கேள்வி ஒன்று உண்டு. தொடக்கப் பள்ளிகளில் வீட்டுப்பாடத்தை முழுவதுமாக நீக்கிவிடலாமா? முதல் வாதம்: ஆம், வீட்டுப்பாடத்தால் குழந்தைகளுக்கு விளையாட நேரமே இல்லாமல் போகிறது. நான் இது வலுவானது என்பேன். அக்கா ஒப்புக்கொள்ளமாட்டார். "கேள்வியில் 'முழுவதுமாக' என்று இருக்கிறது பார். விளையாட நேரமில்லை என்றால் குறைக்கலாம், அதற்காக ஏன் அடியோடு நீக்க வேண்டும்? வாதம் பாதி தூரம்தான் வருகிறது" என்பார். மூன்று மையங்களில் மூன்று விடை இருந்த கேள்வி அது.

போன மாதம் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் பக்கத்தில் அழுதுகொண்டிருப்பது எனக்கே கேட்டது. ஆறு பக்கம் எழுத வேண்டுமாம், இரண்டு பக்கம்தான் முடிந்திருக்கிறதாம்.

"நீ சொன்னதுதான் சரி. அந்த முதல் வாதம் வலுவானதுதான். இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன்" என்றார்.

"நீங்கள் இப்போது கட்சி சேர்ந்துவிட்டீர்கள் அக்கா, இந்த ஓட்டுச் செல்லாது" என்றேன்.